மற்றவை: பஸ்

நாட்டுக்கு முதலில் எது வேண்டும் என்று ஜனங்களிடம் கேட்டு எழுதிவருவதுதான் நான் பார்த்த முதல் வேலை. தொண்ணூறுகளின் கடைசி. எம்.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில், நாடுகளுக்கெல்லாம் கடன் கொடுக்கும் பெரிய வங்கி ஒன்றுக்கு, தன்னைப் பற்றி நம் ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. அந்த ஆசை டெல்லிக்கு வந்து, அங்கிருந்து சென்னைக்கு வந்து, கடைசியில் சிம்மக்கல்லில் ஒரு பழ மண்டியின் மாடியில் இருந்த எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. கீழே வாழைத்தார் இறக்குகிறவர்கள் ஒருவரையொருவர் வைதுகொள்ளும் சத்தத்தில், மேலே நாங்கள் தேசத்தின் முன்னேற்றம் பற்றிப் பயிற்சி எடுத்துக்கொண்டோம்.

படிவம் பதினொரு பக்கம். அதனுடன் ஓர் அட்டை. கல்வி, மருத்துவம், சாலை, குடிநீர், மின்சாரம், விவசாயம், வேலைவாய்ப்பு, ஊழல் ஒழிப்பு, சுற்றுச்சூழல் என்று ஒன்பது விஷயங்கள் அச்சடித்திருக்கும். அதை நீட்டி, "இதில் நாட்டின் வளர்ச்சிக்கு முதலாவது எது, இரண்டாவது எது?" என்று கேட்க வேண்டும். பத்தாவதாக, போனால் போகிறது என்று ஒரு வரி இருந்தது: மற்றவை, குறிப்பிடவும். அதற்குப் பிறகு வங்கியைப் பற்றிய கேள்விகள். அதன் கடன் நாட்டுக்கு மிகவும் பயனுள்ளதா, ஓரளவு பயனுள்ளதா, பயனற்றதா, தெரியாதா.

ஒத்திகை பார்க்க அம்மாவைப் பிடித்தேன். நாங்கள் சௌராஷ்டிரக்காரர்கள், வீட்டில் பேசுவது எங்கள் பாஷை. அட்டையைத் தமிழில் வாசித்து எங்கள் பாஷையில் விளக்கினேன். அம்மா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் உன் கல்யாணம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கேட்டாள். மூன்று மாதத்துக்குள் வேலை நிரந்தரமாகாவிட்டால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவதாக ஏற்கெனவே அறிவித்திருந்தாள்.

மதுரைக்குள் வேலை சுலபமாகவே ஓடியது. யாரும் பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்லவில்லை, பதிலுக்குக் கேள்வி கேட்டார்கள். ஒரு மளிகைக் கடைக்காரர் வங்கியைப் பற்றிக் கேட்டதும் கல்லாவை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வட்டி எம்புட்டு?"

"தெரியலண்ணே."

"ஈடா என்னத்த வச்சாக?"

"அதுவும் தெரியலண்ணே."

"ஈடு இல்லாம எவன் குடுப்பான்? மீனாட்சி கோயிலக் கொண்டுபோயி வச்சிட்டாகளோ என்னமோ. விசாரிச்சிட்டு வந்து எழுது."

இரண்டு பேருக்குமே தெரியாததால் 'தெரியாது' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

எங்கள் ஆபீசில் நட்சத்திரம் என்றால் ஓர் அண்ணன்தான். என்னைவிட ஆறு மாதம் மூத்த ஊழியர். அவர் கொண்டுவரும் படிவங்களைப் பொறுப்பாளர் சார் எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார். வீட்டுக்கு வீடு கருத்து மாறும், ஒரு கிழவர் எல்லோரையும் திட்டியிருப்பார், ஒரு கல்லூரி மாணவி சுற்றுச்சூழலுக்காக உருகியிருப்பாள். அண்ணன் இதையெல்லாம் எங்கே எடுக்கிறார் என்பது சார் ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். கீழக்குயில்குடியில், சமணர் மலை அடிவாரத்து ஆலமரத்தின் கீழே. மேலே துறவிகள் படுத்துத் தவம் செய்த கல்படுக்கைகள். கீழே இவர் ஒரு தூக்குவாளி நிறைய மோருடன் உட்கார்ந்து, ஒரே பகலில் பத்துப் பதினைந்து குடும்பங்களை உண்டாக்கிவிடுவார். இவ்வளவு தரமாக வேலை செய்கிறாரே என்று சார் அவரை மறு சரிபார்ப்புக்குப் பொறுப்பாகப் போட்டார். மற்றவர்கள் பொய் எழுதுகிறார்களா என்று கண்டுபிடிப்பது அந்த வேலை.

நான் மட்டும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம், ஒரு வீட்டைக்கூட ஏமாற்றவில்லை. அந்தப் பெருமையோடுதான் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். டவுன் பஸ் முந்தின ஊரோடு திரும்பிவிடும். அங்கிருந்து கருவேலங்காட்டுக்குள் ஓர் ஓடையைத் தாண்டி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். முதல் நாள் வீடுகளைப் பட்டியல் போட்டுப் பதினான்கு வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மறுநாள் பேட்டி. இந்த முறையை வகுத்தவர்கள் ஊர்க்காரர்களுக்கு ஓர் இரவு அவகாசம் கொடுக்கிறோமே என்று யோசிக்கவில்லை.

மறுநாள் முதல் வீட்டில் ஓர் அக்கா, முப்பத்தைந்து வயது இருக்கும், ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். அட்டையை நீட்டினேன். பார்க்கவே இல்லை.

"பஸ்ஸு."

"அதுல பஸ் இல்லக்கா. சாலை இருக்கு, கல்வி இருக்கு..."

"இல்லேன்னா எழுதிக்க. பஸ்ஸு ஊருக்குள்ள வரணும்."

"சரிக்கா. ரெண்டாவது?"

"ரெண்டாவதும் பஸ்ஸுதான். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

வங்கியின் கடன் பயனுள்ளதா என்று கேட்டேன். "பஸ் விட்டாகன்னா நல்லவுக" என்றார். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. இரண்டாவது வீட்டில் பஸ். மூன்றாவது வீட்டில் பஸ். ஐந்தாவது வீட்டில் காது கேட்காத பெரியவர் ஒருவர், நான் கேள்வியை ஆரம்பிக்கும் முன்பே பஸ் என்றார். பதினான்கு வீட்டிலும் மற்றவை, மற்றவை, மற்றவை. திரும்பும்போது அந்த அக்காவிடமே கேட்டுவிட்டேன், ஊரே கூடிப் பேசி வைத்துக்கொண்டீர்களா என்று. அவர் மறைக்கவில்லை.

"போன தடவ ஒருத்தரு வந்து இதே மாதிரி கேட்டாரு. ஆளுக்கு ஒண்ணு சொன்னோம். ஒண்ணும் வரல. அதான் இந்தத் தடவ எல்லாரும் ஒண்ணே ஒண்ணச் சொல்லுவோம்னு நாந்தான் வீடு வீடாப் போயிச் சொன்னேன். எம் மக எட்டாவது முடிக்கப் போகுது, தாயி. இங்க அதுக்கு மேல பள்ளிக்கூடம் இல்ல. அந்த ஓடைப் பாதையில சாயங்காலம் பொம்பளப் பிள்ளய எப்புடி நடக்க விட? சூன் மாசத்துக்குள்ள பஸ் வந்துட்டா ஒன்பதாவது சேத்துருவேன்."

இது அரசாங்கம் எடுக்கும் கணக்கு இல்லை, வெறும் கருத்துக் கேட்பு என்று விளக்கினேன். "கருத்துத்தான சொல்றோம்" என்றார். அதற்கு மேல் நான் என்ன விளக்குவது? போகும்போது பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துப் பொறுப்பாளர் சார் அந்தப் படிவக் கட்டை என் முன்னால் போட்டார்.

"எந்த டீக்கடையில உக்காந்து எழுதின?"

"சார், நான் வீடு வீடாப் போய் எடுத்தது சார்."

"பதினாலு பேரும் ஒரே பதில் சொல்வாங்களா? மனுஷங்க அப்படி இருப்பாங்களா? ஏமாத்துறதுன்னா கொஞ்சம் மூளைய வச்சாவது ஏமாத்தணும்மா." பக்கத்தில் அண்ணனின் கட்டு இருந்தது. அதைத் தட்டிக் காட்டினார். "இங்க பாரு. இதுதான் மக்கள்."

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளில் ஒழுங்கான படிவம் வராவிட்டால் நான் வரவே வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அண்ணனைக் காட்டிக்கொடுத்திருப்பேன். ஆனால் என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆளும் அவர்தான்.

கீழக்குயில்குடி ஆலமரத்தடி உண்மையிலேயே அருமையான இடம். குளத்தில் தாமரை, மரத்தில் காற்று. அண்ணன் வெற்றுப் படிவங்களை விரித்தார்.

"ஊருக்கு ஒரு கோவக்காரன் வேணும். ரெண்டு பேரு தெரியாதுன்னு சொல்லணும். ஒருத்தர் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லணும், அப்பத்தான் மேல இருக்கவுகளுக்கு மனசு குளிரும். பேனாவ மாத்திக்க. அஞ்சாவது படிவத்துல கொஞ்சம் மோர ஊத்து."

"மோர் எதுக்குண்ணே?"

"வீட்டுல உபசரிச்சிருக்காகன்னு தெரிய வேணாமா?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அந்தப் பகல் பிடித்திருந்தது. காது கேட்காத பெரியவரை ஊழல் எதிர்ப்பாளர் ஆக்கினேன். இரண்டு பேரை விவசாயத்துக்கும் மூன்று பேரை வேலைவாய்ப்புக்கும் அனுப்பினேன். வங்கியை ஒருவர் புகழ்ந்தார், ஒருவர் கிழித்தார். அந்த அக்காவின் படிவத்தை மட்டும் கடைசிவரை தள்ளிவைத்தேன். பிறகு முதலாவது சாலை, இரண்டாவது கல்வி என்று எழுதினேன். பஸ் சாலையில்தானே ஓடும், ஓடினால் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத்தானே போகும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடி ஜெயித்துக்கொண்டேன். உண்மையான பதினான்கையும் சுருட்டி அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதில் வடையைச் சுற்றி எடுத்துப்போனார்.

சார் புதுக் கட்டைப் புரட்டி, "இப்பத்தான் ஜனங்க பேசுறாங்க" என்றார்.

கதை அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மறு வாரமே சென்னையிலிருந்து மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். தொலைவில் உள்ள ஓர் ஊரை நேரிலேயே சரிபார்க்க வேண்டுமாம். சார் பெருமையோடு என்னுடைய கட்டைத்தான் எடுத்து நீட்டினார். வழி காட்ட நான், சரிபார்ப்புக்குப் பொறுப்பு என்பதால் அண்ணன். ஜீப் ஓடையில் இறங்கி ஏறியபோது அண்ணன் என் காதருகே குனிந்து, "ஊர்க்காரவுககிட்டச் சொல்லி வச்சிருக்கியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப சாமி கும்பிட்டுக்க" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தார், பாவம்.

அதிகாரிக்கு மூன்று மணிக்கு ரயில். கேள்வியைத் திரும்பக் கேட்கப் பொறுமையில்லாமல், எழுதியிருந்த பதிலைப் படித்துச் சரிதானா என்று மட்டும் கேட்டார். முதல் வீடு அந்த அக்காவுடையதுதான். ஊரில் பாதி அங்கே கூடிவிட்டது.

"நாட்டுக்கு முதல்ல வேண்டியது சாலை, ரெண்டாவது கல்வின்னு சொல்லியிருக்கீங்க. சரியாம்மா?"

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார். பிறகு ஜீப்பை ஒட்டி நின்ற என்னைப் பார்த்தார். என் முகம் அப்போது எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது.

"ஆமா சார். அதான் சொன்னேன்."

அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. அடுத்தவர் ஆமா என்றார். அதற்கடுத்தவரும் ஆமா என்றார். காது கேட்காத பெரியவர், ஊழலை ஒழிக்க வேண்டும் என்று சொன்னது தான்தான் என்று தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். பதினான்கு பேரும் மறுபடி ஒரே பதிலைச் சொன்னார்கள். இந்த முறை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நூற்றுக்கு நூறு பொருந்துகிறது என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

ஜீப்பில் ஏறும் முன் அவர் நல்ல மனிதராக அக்காவைத் திரும்பிப் பார்த்து, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். அக்காவின் மகளும் அங்கேதான் நின்றாள், பள்ளிக்கூடப் பாவாடையில். பஸ் என்ற ஒரு சொல்லை அக்கா அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அது ஏன் படிவத்தில் இல்லை என்று அதிகாரி கேட்பார். அக்கா மறுபடி என்னைத்தான் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார். போயிட்டு வாங்க."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் அண்ணன் சிரித்துச் சிரித்து என் தோளில் தட்டினார்.

மறுநாள் என்னை நிரந்தரமாக்கி ஆர்டர் கொடுத்தார்கள். அம்மா கேசரி கிண்டினாள்.

சூன் முடிந்து வேறொரு வேலையாக உசிலம்பட்டி போனபோது, சந்தைப் பக்கம் அந்த அக்காவைப் பார்த்தேன். ஆடு விற்க நடந்தே வந்திருந்தார். ஒளிந்துகொள்ளப் பார்ப்பதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். மகளைப் பற்றி நான்தான் கேட்டேன்.

"வீட்டுலதான் இருக்கு. ஆட்டப் பாத்துக்கிருது." சொல்லிவிட்டு, அதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்பவர்போல என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு வந்தாகளே, அதுக்கப்பறம் உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லக்கா. நிரந்தரமாக்கிட்டாங்க."

"நல்லதாப் போச்சு, தாயி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏதாவது குத்தல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டார். திட்டியிருந்தால் அன்றைக்கே எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.