சித்தி வந்தால் அணையும் பக்கம்

மதுரைப் பழங்காநத்தத்தில் இருக்கும் என் சித்தி மாதத்தில் ஒரு நாள் இரண்டு தூக்குவாளிகளோடு டவுன் பஸ் ஏறித் தல்லாகுளத்தில் எங்கள் வீட்டுக்கு வருவார். ஒன்றில் ஊறிய அரிசி, மற்றதில் உளுந்து. அன்று அவர்கள் பகுதியில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தியிருப்பார்கள். காலை ஒன்பதுக்குப் போனால் மாலையில்தான் வரும்.

"இன்னைக்குக் கரண்ட் கட்டுன்னு நேத்தே பேப்பர்ல போட்டிருந்தானே, பாக்க மாட்டியா?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"பாத்துட்டுத்தான் ஊறப்போட்டேன். இல்லாட்டி இங்க வர எனக்கு வேற என்ன சாக்கு இருக்கு?" என்பார் சித்தி.

வீட்டிலிருந்து நான் பார்க்கும் வேலைகள் இரண்டு. ஒன்றுக்குச் சம்பளம் உண்டு. இன்னொன்றுக்குக் கிடையாது: இணையத்தில் ஒருவர் யார், எங்கே இருக்கிறார் என்பதை மறைக்கும் வலைப்பின்னல் ஒன்றுக்கு மென்பொருள் எழுதும் குழுவில் நானும் இருக்கிறேன். அங்கே எல்லோருக்கும் புனைபெயர். எந்த ஊர், ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது; தெரிந்தாலும் பொதுவில் சொல்லக் கூடாது. புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் விவாதப் பக்கத்தில் முன்வைக்க வேண்டும். மூத்தவர்களில் ஒருவர் மறுத்தாலும் அது நின்றுவிடும்.

என் முதல் யோசனை அப்படித்தான் நின்றது. எங்கள் வலைப்பின்னலில் யாரும் தன் வீட்டுக் கணினியிலிருந்தே ஒரு வலைப்பக்கம் நடத்தலாம். பக்கம் எல்லோருக்கும் தெரியும், வீடு தெரியாது. ஆனால் கணினி அணைந்தால் பக்கமும் அணைந்துவிடும். எப்போதெல்லாம் அணைகிறது என்று கவனித்து வந்தால் வீடு எங்கே என்று ஊகித்துவிடலாம். அதனால் அதே பக்கத்தின் நகலை வேறு வீட்டுக் கணினி ஒன்றிலும் வைப்போம், ஒன்று அணைந்தால் மற்றது பதில் சொல்லட்டும் என்று எழுதியிருந்தேன். ஏழு மாத உழைப்பு.

மூத்தவர் ஒருவர் ஆங்கிலத்தில் மறுத்தார்: "இது மென்பொருளைத் தேவையில்லாமல் சிக்கலாக்கும். ஒரு பக்கம் எப்போது அணைகிறது என்று உட்கார்ந்து பட்டியல் போட யாருக்கு நேரம் இருக்கிறது?" அடுத்த வெளியீட்டுக்குள் அவர் மறுப்பை விலக்கிக்கொள்ளாவிட்டால் என் யோசனை குப்பைக்குப் போகும்.

ஃபிரிட்ஜில் எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கதவில் ஒட்டியிருப்பவளைப் பார்த்தா இந்தக் கேள்வி? குழுவில் ஆளுக்கொரு சோதனைப் பக்கம் நடத்துகிறோம். அவையெல்லாம் அணையும் நேரத்தைக் குறித்துவைக்க என் கணினியில் ஒரு சிறு நிரலை ஓடவிட்டேன்.

மறுத்தவருடைய பக்கம் முதல் மாதத்தில் ஒரு நாள் காலை ஒன்பதைத் தாண்டி அணைந்தது. அன்று எங்கள் வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் நினைக்கவில்லை. அடுத்த மாதமும் கிரைண்டர் ஓடியது, பக்கம் அணைந்தது. மூன்றாம் மாதம் சித்தி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே திரையைப் பார்த்தேன். அணைந்திருந்தது.

"சித்தி, கரண்ட் வந்ததும் போன் போடச் சொல்லுங்க சித்தப்பாவ. வந்த நிமிஷமே போடணும்."

"எதுக்குடி? ஈபி ஆபீசுல வேலைக்குச் சேந்துட்டியா?"

நாலு பத்துக்குச் சித்தப்பா கூப்பிட்டு, "வந்துருச்சு, மாவத் தூக்கிட்டு வா" என்றார். நாலு பன்னிரண்டுக்கு அந்தப் பக்கம் உயிர் பெற்றது.

பனி பெய்யும் ஏதோ ஊரில் இருப்பதாக நான் நினைத்திருந்த ஆள், சித்தி தக்காளி வாங்கும் கடையில்தான் தக்காளி வாங்குகிறார் போல.

பட்டியலை விவாதப் பக்கத்தில் போட்டால் ஒரே நிமிடத்தில் ஜெயித்துவிடலாம். ஆனால் அவர் வீடு உலகத்துக்கே தெரிந்துவிடும். எதைத் தடுக்க யோசனை எழுதினேனோ அதையே நான் செய்தவளாவேன். சும்மா இருக்கவும் மனம் வரவில்லை. அடுத்த மாதம் பேப்பரில் பழங்காநத்தம் அறிவிப்பு வந்ததும், அவருக்கு மட்டும் தமிழில் ஒரு வரி அனுப்பினேன்.

"நாளைக்கு ஒம்பது மணிக்குக் கரண்ட் போயிரும். இன்னைக்கே மாவாட்டி வச்சுருங்க."

பயந்துபோய்க் குழுவை விட்டே போய்விடுவாரோ என்று இரவெல்லாம் குழுவின் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். மறுநாள் மாலை அவர் பக்கம் உயிர் பெற்ற கையோடு பதில் வந்தது.

"மாவு கடையிலதான் வாங்குறேன். உங்களுக்கு நாளைக்குக் கட்டு. தல்லாகுளம்தான? இன்வெர்ட்டர் பேட்டரிய மாத்துங்க, ரெண்டு மணி நேரத்துக்கு மேல தாங்க மாட்டேங்குது."

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். என் பக்கம் அணைந்ததாக என் பட்டியலில் ஒரு குறிப்பும் இல்லையே! பிறகுதான் உறைத்தது. குறித்துவைக்கும் நிரல் ஓடுவதும் அதே கணினியில்தான். அது அணைந்ததைக் குறிக்க அங்கே யாரும் விழித்திருப்பதில்லை. எங்கள் பகுதியில் மின்தடை என்றால் நான் அலுவலகத்துக்குப் போய்விடுவேன். பேட்டரி தீர்ந்தது எனக்கு எப்படித் தெரியும்?

"எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"உங்க யோசனை வீணுன்னு காட்டத்தான் நானும் பட்டியல் போட்டேன். ஒண்ணும் பிடிபடல. எங்க ஏரியா கட்டு உங்களுக்குத் தெரியுதுன்னா நீங்களும் மதுரைப் பேப்பர்தான் படிக்கிறீங்க. ஒப்பிட்டுப் பாத்தேன், அம்புட்டுதான்."

"பட்டியல் போட யாருக்கு நேரம்னு கேட்டீங்க?"

"கரண்ட் இல்லாதவங்களுக்கு."

மதுரைக்காரர்கள் இரண்டு பேர் அண்ணே, அக்கா எதுவும் போடாமல் இவ்வளவு பேசியது அதுவே முதல்முறையாக இருக்கும்.

அன்றே விவாதப் பக்கத்தில் அவர் மறுப்பை விலக்கிக்கொண்டார். "பட்டியல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். எங்கள் விதிப்படி யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. சோதித்துப் பார்க்க இரண்டு வீடுகள் தேவைப்பட்டன. இதுவரை எங்கள் இரண்டு பகுதிகளிலும் ஒரே நாளில் மின்சாரத்தை நிறுத்தியதில்லை. அவர் பக்கத்தின் நகல் என் கணினிக்கு வந்தது, என்னுடையது அவர் கணினிக்குப் போனது.

அடுத்த மாதம் சித்தி தூக்குவாளிகளோடு வந்தார். மணி ஒன்பதைத் தாண்டியது. மறுத்தவரின் பக்கம் அணையவில்லை. கிரைண்டருக்குப் பக்கத்துப் பிளக்கில் இருந்த என் கணினி அவருக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"என்னடி தனியாச் சிரிக்கிற?"

"உங்க ஏரியாவுல ஒரு வீட்டுக்கு மட்டும் இன்னைக்குக் கரண்ட் போகல சித்தி."

"அதாரு வீடு?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது."

"ஆமா, பெரிய ரகசியம். எந்திரிச்சு வந்து உளுந்த அள்ளிப் போடு."