துரையின் கொள்ளுப்பேரன்

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் வம்சாவளியைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அவரைச் சந்தித்தேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுபவர். பூனைக்கண். எதைத் தொடுவதற்கு முன்பும் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொள்வார்.

அவருடைய கொள்ளுப்பாட்டி துரை வீட்டில் சமைத்தவர்.

"அவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆச்சுங்களா சார்? அது தெரிஞ்சா போதும்" என்றார்.

சர்ச் திருமணப் பதிவேட்டில் துரைக்கு மனைவியாக இருந்தது ஓர் ஆங்கிலப் பெண்ணின் பெயர். ஆனால் உயிலில், சமையல்காரிக்கும் 'என் மகனுக்கும்' ஒரு வீட்டை எழுதிவைத்திருந்தார். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, உயிலின் நகலில் நான் காட்டிய வரியைத் தடவிப் பார்த்தார்.

"எங்க தாத்தாவ மகன்னு எழுதிட்டாரே, போதும் சார்." நகலைத் திருப்பிக் கொடுத்தபடி, "அந்த வெள்ளைக்காரம்மாவுக்குப் புள்ளைங்க?" என்று கேட்டார்.

"இல்லைங்க. கிருஷ்ணகிரியிலதான் புதைச்சிருக்காங்க."

"ஐயோ பாவம், போய்ப் பாக்க யாருமில்லியே."

கல்லறைத் திருநாளன்று அவரே போன் செய்து என்னை அங்கே வரச்சொன்னார். அந்தம்மாவின் கல்லறையில் புல்லைச் செதுக்கி, சாமந்தி வைத்திருந்தார். மெழுகுவத்தி காற்றில் அணையாமல் இருக்கக் கையால் மறைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவர் அந்தம்மாவுக்கு என்ன முறை வேண்டும் என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.