மாடசாமி அண்ணாச்சியின் சராசரிக் கிடா

புள்ளியியல் படித்தவனிடம் கேள்வி ஒன்று கேட்டால் பதில் இரண்டு எண்ணாக வரும். அதனாலேயே எங்களுக்கு டீக்கடையில்கூட மரியாதை கிடையாது. தொண்ணூறுகளில், செம்மறி எடையைக் கணக்கெடுக்கும் ஒரு திட்டத்துக்காக, தோளில் தொங்கு தராசோடு கோவில்பட்டிக் கரிசலில் அலைந்தேன். இந்தப் பாட்டைப் பட்ட சகாக்களே, உங்களுக்குத்தான் இது.

பொறுக்கி எடுத்த இருபத்தஞ்சு

கழுகுமலை ரோட்டோரம் கிடை போட்டிருந்த மாடசாமி அண்ணாச்சி, கிடாக்குட்டிகளை விற்றுத்தான் மகளை நர்ஸ் படிப்பில் சேர்க்க வேண்டும். கயத்தாறு வியாபாரியோ கண்மதிப்பாகவே, "தலைக்குச் சராசரி பதினெட்டுக் கிலோ" என்று அடித்துப் பேசிவிட்டார். எடை அதற்கு மேலே இருக்கும் என்று அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார்.

நூத்துச் சொச்சம் கிடாவையும் தொங்கவிட்டு நிறுத்தால் பொழுது காணாது. "ஏதாவது இருபத்தஞ்சு பிடிச்சுட்டு வாங்க, போதும்" என்றேன். வந்து நின்றதெல்லாம் குளிப்பாட்டிய கொழுத்த கிடாக்கள். "நோஞ்சானும் கலந்து வரணும் அண்ணாச்சி" என்றதும் அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"பொண்ணு பாக்க வந்தவியகிட்ட சீக்காளியையா காட்டுவாவ?"

சீட்டு விழுந்த சாமி

சரி, முதுகில் பெயின்டால் நம்பர் போட்டு, சீட்டுக் குலுக்கினோம். முதல் சீட்டே ஒரு பயில்வான் கிடாவுக்கு விழுந்தது. தராசுக் கொக்கியோடு கிட்டே போனேன். ஒரே முட்டு, சகதியில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி ஓடிவந்தார், என்னிடம் அல்ல, கிடாவிடம். தொட்டுக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அய்யனாருக்கு நேர்ந்துவிட்டதாம். விற்காத கிடாவுக்கு ஏன் நம்பர் என்று கேட்டேன்.

"அவரு மந்தையில நிக்காரே தவிர வியாபாரத்துல சேத்தி இல்ல. மத்ததுக்கெல்லாம் போட்டுட்டு அவர விட்டா கோவிச்சுக்கிடுவாருல்லா?"

எடைமேடை

சாமியை விலக்கிவிட்டு, சீட்டு விழுந்த மற்ற இருபத்தஞ்சை நிறுத்தேன். எடைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்து, இருபத்தஞ்சின் வர்க்கமூலத்தால் வகுத்து, கூட்டிக் கழித்துச் சொன்னேன்: "சராசரி இருபத்தொண்ணுக்கும் இருபத்திநாலுக்கும் நடுவுல."

பக்கத்தில் நின்று பார்த்த வியாபாரி சிரித்தார். "கிலோ கேட்டா சோசியம் சொல்லுதாரே. கயத்தாறு எடைமேடையில லாரியோட நிறுப்போம். இவரு சொன்னதுக்குள்ள வந்தா நிறுத்த எடைக்கே விலை. வராட்டா என் பதினெட்டுதான்."

அண்ணாச்சி என்னைத் தனியே இழுத்து, நிச்சயம்தானா என்று கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "இந்த மாதிரி நூறு தடவை கணக்குப் போட்டா தொண்ணூத்தஞ்சு தடவை சரியா வரும், அஞ்சு தடவை தப்பிப் போகும்" என்றேன். மனுசன் உடனே சம்மதித்துவிட்டார். நான்தான் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன்.

லாரி ஏறியது, இறங்கியது. காலி லாரி எடையைக் கழித்து, தலைக்கு வகுத்துப் பார்த்தால் இருபத்திரண்டரை. பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. வியாபாரியே டீ வாங்கிக் கொடுத்தார். அண்ணாச்சி பாதி டீயில் நிறுத்தி, என் காதோரம் கேட்டார்.

"ஆமா தம்பி, தப்பிப் போற அந்த அஞ்சு தடவை எந்தூருல வரும்னு முன்னாலயே சொல்லிரும், அங்கன நான் ஆடு விக்கமாட்டேன்."

பின்னாளில் நர்ஸான அவர் மகளிடம் என் காய்ச்சல் எப்போது விடும் என்று கேட்டேன், "மூணுல இருந்து அஞ்சு நாளைக்குள்ள" என்றாள். ஒரே எண்ணுக்காக ஏங்கியவர்களின் எரிச்சல் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.