எங்க மண்ணு, நம்ம மண்ணு

"செருப்பைத் தூக்கிக் காட்டுங்க அண்ணே" என்றாள் தையல்காரி.

பஸ் டிரைவர் சிரித்தார். பிறகு ஒற்றைக் காலில் நின்றபடி செருப்பைத் திருப்பிக் காட்டினார். ஈர மண் அப்பியிருந்தது. அவருடைய பாத்தி காய்ந்து கிடந்தது. ஈரம் தையல்காரியின் பாத்தியில் மட்டும்தான். அங்கே வெண்டைச் செடிகளைச் சுற்றி யாரோ கிளறியிருந்தார்கள்.

குடியிருப்புக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தை ஆளுக்கொரு பாத்தியாகப் பிரித்துப் பயிரிட்டு வந்தார்கள். அவள் புதிதாகக் குடிவந்தவள். பாத்தி கேட்டபோது, "எங்க மண்ணு கெட்டிம்மா, உங்களுக்குச் சரிப்படாது" என்றவர் இதே டிரைவர்தான். அந்த 'எங்க' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. விடாமல் கேட்டுப் பாத்தியை வாங்கினாலும், விரட்டப் பார்க்கிறார்கள் என்று அன்றே முடிவுகட்டிவிட்டாள்.

"வேரை அறுத்துட்டா நானே போயிடுவேன்னு நினைப்பா?"

"வேர் அழுகக் கூடாதுன்னுதான் தண்ணி வடிய வழி கீறிவிட்டேன். காலையிலயும் ஊத்துற, சாயந்தரமும் ஊத்துற. நம்ம மண்ணு அவ்வளவு குடிக்காதும்மா."

"என்ன மண்ணு?"

"நம்ம மண்ணு. காது கேக்கலையா?"

கேட்டது. வாய் தவறி வந்ததா, தெரிந்தேதான் சொன்னாரா என்று அவர் முகத்தையே பார்த்தாள்.

"என்னைக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாமே."

"கேட்டா விட்டிருப்பியா? வீட்டுக் கதவையே சங்கிலி போட்டுத்தான் திறக்குற."

மறுநாள் காலை அவள் தண்ணீர் ஊற்றவில்லை. குச்சியால் மண்ணைக் குத்திப் பார்த்தாள்; உள்ளே ஈரம் இருந்தது. டிரைவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். அவருடைய பாத்தியையும் ஒருமுறை குத்திப் பார்த்தாள். காய்ந்திருந்தது; அதில் ஒரு குடம் ஊற்றிவிட்டுத் தைக்கப் போனாள்.