அப்பா எழும்பி நின்ற நாள்

பச்சைத் தென்னோலைக் கிடுகின் வாசம் இன்றும் என்னை ஓரிடத்தில் இருக்கவிடாது. ஐம்பதுகளில் கல்முனைக் கடற்கரையில் வேதாகமக் கூட்டத்துக்குப் போட்ட கிடுகுப் பந்தலில், யாழ்ப்பாணத்துப் பிரசங்கியார் ஒரு வாரமாகப் பேசப் பேச, அம்மாவின் நச்சரிப்புக்காக வந்த அப்பாவும் அவரோடு கரைவலை இழுக்கும் மற்றவர்களும் பாயைக் கீறியபடி காதைக் கடலிலேயே வைத்திருந்தார்கள்.

கடைசி நாள் பிரசங்கியார், "ஆண்டவரிட்ட வாறவை எழும்பி நில்லுங்கோ" என்று அழைத்த அதே நேரம், கரையிலிருந்து வலைக்குச் சொந்தக்காரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், "மீன் வந்திட்டு, இழுக்க வாங்க" என்று கூவினார். ஆண்கள் அத்தனை பேரும் எழும்பினார்கள். பிரசங்கியார் கண்கலங்கி ஜெபிக்கத் தொடங்கினார். பிறகு யார் நகர்வது? கால்கள் மணலைக் கிளறிக்கொண்டிருக்க, மீன் போய்விட்டது.

"எங்கட மனுசனும் எழும்பிட்டாரு" என்று அம்மா அழுதாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். அடுத்த ஞாயிறிலிருந்து வேதக் கோயிலுக்குப் போனார், சாகும்வரை; உட்கார்ந்தது கடல் பக்கத்து ஜன்னலோரமாக.