வல்லை வெளியில் உதறிய ஜீப்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பட்டாளம் விட்டுவிட்டுப் போன ஜீப்புகளுக்கு ஸ்ரியறிங் இடப்பக்கம். எங்கள் கார்களில் சாரதி இருக்கிற வலப்பக்கத்தில் நான் இருந்தேன். கைக்கு ஸ்ரியறிங் இல்லை, காலுக்குப் பிறேக் இல்லை. எதிரே வருகிற பஸ்ஸை மட்டும் எல்லோருக்கும் முதல் நான் பார்க்க வேண்டும். இடப்பக்கம் ஸ்ரியறிங்கைப் பிடித்து ஜீப்பை ஓடியது என் மகள்.

அவள் டொக்டராகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கிழமையில் இரண்டு நாள் மணற்காட்டுப் பக்கம் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்க வேண்டும். மணலில் கார் புதையும். மாட்டு வண்டியில் போனால் வழியிலேயே அரைநாள் போய்விடும். அதனால்தான் நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற இந்த வண்டி. அதைத் தேடி எடுத்துத் தந்தவர் என் அண்ணை. இருபது வருஷத்துக்கு மேல் வாடகைக் கார் ஓடியவர், சொந்தமாகக் கராச் வைத்திருந்தவர். அடிபட்டுத் தேய்ந்த ஜீப்பை ஒரு கிழமை தன் கராச்சில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்து தந்தார். மகள் தனியே ஓடுவதில் எனக்கு மனமில்லை. நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை வந்ததும் துணைக்கென்று சொல்லி நானும் ஏறிக்கொண்டேன்.

பருத்தித்துறை போகிற தெருவில், வல்லை வெளியில் வைத்துத்தான் அது நடந்தது. முப்பது மைல் வேகத்தில் போயிருப்போம். முன் சில்லு ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. அடுத்த கணம் ஜீப்பின் முன்பக்கம் முழுவதும் வெறி பிடித்ததுபோல உதறத் தொடங்கியது. இரண்டு சில்லும் இடமும் வலமுமாக அடித்தன. விளக்குகள் குலுங்கின. என் பல்லோடு பல் மோதியது. மகளின் கைகளுக்குள் ஸ்ரியறிங் துள்ளித் துள்ளி ஆடியது. ஜீப் வலப்பக்கம் இழுத்தது. பருத்தித்துறை பஸ் நேரே என்னைப் பார்த்து வந்தது. மகள் பிறேக்கை உதைக்கவில்லை. வேகத்தை மட்டும் குறையவிட்டு, ஸ்ரியறிங்கை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து இடக்கரைக்குக் கொண்டுவந்தாள். ஜீப் ஊரத் தொடங்கிய பிறகே உதறல் நின்றது. பஸ்காரன் தலையை வெளியே நீட்டி, "வீட்டை போய்ச் சட்டியைக் கழுவு பிள்ளை!" என்று கத்திக்கொண்டு போனான்.



விஷயத்தைக் கேட்ட அண்ணை சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே தீர்ப்புச் சொன்னார். "வண்டியிலை ஒண்டுமில்லைத் தம்பி. நான் பார்த்த வண்டி. பொம்பிளைப் பிள்ளையின்ரை கை. பள்ளத்திலை விழுந்தவுடனை பயந்து நடுங்கியிருப்பாள், வண்டியும் நடுங்கியிருக்கும்."

உள்ளுக்குள் நானும் அதையே நம்பினேன் என்பதை இப்போது ஒளிக்க விரும்பவில்லை. மத்தியானம் அவள் சோறு பிசைந்தபோது விரல்களைக் களவாகப் பார்த்தேன். இரண்டு நாளுக்கு முதல், காலால் வந்த ஒரு குழந்தையைச் சேதமில்லாமல் எடுத்த விரல்கள் அவை. அவற்றில் நடுக்கம் எதுவும் இல்லை. இருந்தும், "இனி நீ ஓட வேண்டாம் பிள்ளை. பெரியையா ஒரு டிறைவரை அனுப்புவார்" என்றேன். என் அண்ணையைத்தான் அவள் பெரியையா என்று கூப்பிடுவாள்.

"பிள்ளைப்பேறு டிறைவர் வாற நேரம் பார்த்து வராது ஐயா."

"அப்ப வேறை இடத்துக்கு மாற்றம் கேள்."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து என் முன்னால் நின்றாள். "வருத்தக்காரர் வந்தால் தொட்டுப் பார்க்காமல் நான் ஒண்டும் சொல்லுறேல்லை. முதல் ஜீப்பைப் பாப்பம். அதிலை பிழை இல்லையெண்டால், சத்தியமாய் நான் இனி ஓடமாட்டன்."

முதலில் பெரியையாவையே அதே பள்ளத்துக்கு மேலால் ஓடச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டு ஏறினார். நானும் மகளும் பின்னால் இருந்தோம். பள்ளத்தில் சில்லு விழுந்தது. அண்ணையின் வாயிலிருந்த சுருட்டு மடியில் விழுந்தது. வேட்டி எரிகிறதா என்று பார்க்கவும் அவருக்குக் கை ஒழியவில்லை. வண்டி நின்றதும் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உது என்ரை கையில்லை" என்றார்.

"அப்ப என்ரை கையும் இல்லைத்தானே, பெரியையா?"

"வாயைப் பார் தம்பி உவளின்ரை!"

அதன் பிறகு அண்ணை விடவில்லை. முன் ரயர்களைப் பின்னுக்கு மாற்றினார். உதறல் மாறவில்லை. ஸ்ரியறிங் பெட்டியை இறுக்கிப் பார்த்தார், அப்போதும் உதறியது. மகள் ஜீப்போடு வந்த பட்டாளத்துக் கைநூலை இரண்டு முறை வாசித்து முடித்திருந்தாள். முன் அச்சை ஜக் வைத்து உயர்த்தச் சொன்னாள். தொங்கிய சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினாள். "டொக் டொக்" என்று ஆடியது.

"சில்லுக்குள்ளை இருக்கிற பெயரிங் தேய்ஞ்சு போச்சு" என்றார் அண்ணை.

"பொறுங்கோ. ஐயா, ஏறிப் பிறேக்கை அமத்துங்கோ. விடவேண்டாம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்ரியறிங்குக்குப் பின்னால் இருந்தேன். "பிறேக் பிடிச்சால் சில்லும் பின்னாலை இருக்கிற தட்டும் ஒண்டாகும்" என்று கீழேயிருந்து சொன்னாள். "அப்பவும் ஆடினால் பிழை சில்லுக்குள்ளை இல்லை. சில்லு திரும்பிற மூட்டிலை."

நான் முழுப் பாரத்தையும் காலில் கொடுத்தேன். அவள் ஆட்டினாள்.

"ஆடுது! ஐயா, இன்னும் ஆடுது!"

அவள் டொக்டர் சோதனை பாஸ் பண்ணின செய்தி வந்த நாளில்கூட அந்தக் குரலை நான் கேட்கவில்லை. பிறேக்கிலிருந்து காலை எடுக்க மறந்து இருந்தேன்.

மூட்டின் மூடியைக் கழற்றினாள். மூடிக்குக் கீழே, தாளைப்போல மெல்லிய தகட்டு வளையங்கள் இருந்தன. எத்தனை தகடு என்பதில்தான் மூட்டின் இறுக்கம் இருக்கிறது. கூடினால் மூடி உயர்ந்து மூட்டு தளரும். பட்டாளத்துத் தகடுகளுக்கு நடுவே கத்தரிக்கோலால் வெட்டிய மூன்று தகரங்கள் கிடந்தன. ஒன்றில் பச்சையும் பொன்னுமாகப் பூ வேலை.

"இதென்ன, பிஸ்கற் ரின்னோ?" என்றாள். "ஆர் இதை வைச்சது?"

அண்ணை பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"நான்தான்" என்றார். "எடுத்த நேரம் ஸ்ரியறிங் பொல்லாத இறுக்கம். மெலிஞ்ச கையாலை பிள்ளை உதை எப்பிடித் திருப்பிறது எண்டு... ஒரு விரலாலை திருப்பக்கூடிய மாதிரிச் செய்தனான். மற்றப் பக்கமும் வைச்சிருக்கிறன்."

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. மகள் கொஞ்ச நேரம் தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பெரியையா, இனி இரக்கப்படுறதெண்டால் என்னட்டைச் சொல்லிப்போட்டு இரக்கப்படுங்கோ."

"சொன்னால் விட்டிருப்பியோ?"

"விட்டிருக்க மாட்டன்."

"அதுதான் சொல்லேல்லை."

இரண்டு பக்கத் தகரங்களையும் எடுத்தாள். சில்லுகளைச் சேர்க்கும் கம்பியைக் கழற்றிவிட்டு, மூட்டைத் திருப்ப எத்தனை இறாத்தல் இழுவை வேண்டும் என்று பார்க்கத் தன் வில்லுத்தராசைக் கொண்டுவந்தாள். குழந்தைகளை நிறுக்கிற தராசு அது. "பிள்ளை என்ன நிறை, டொக்டரம்மா?" என்று அண்ணை கேட்டார். கைநூல் சொன்ன நிறை வரும்வரை தகடுகளை மாற்றி மாற்றி வைத்தாள். இப்போது ஸ்ரியறிங்கைத் திருப்பத் தோளும் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. அதே பள்ளத்துக்கு மேலால் மூன்று தரம் ஓடினாள். 'தொம்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அண்ணை அன்று பின்னேரமே சந்தையடியில் நின்று, "நான் விட்ட பிழையை என்ரை பெறாமகள் கண்டுபிடிச்சவள்" என்று பரிசு வாங்கியவரைப்போலச் சொல்லித் திரிந்தார்.

அடுத்த முறை மணற்காட்டுக்குப் போனபோதும் நான் ஏறியிருந்தேன். அங்கே ஒரு பெண்ணுக்கு முந்தின நாளிலிருந்து பிரசவ நோ. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள் மகள். பின்னால் அந்தப் பெண்ணைக் கிடத்தினார்கள், அவளுடைய தாய் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். முன்னுக்கு, பிள்ளைப்பேறு பார்க்கிற ஊர் மருத்துவமாது இருக்க வேண்டும்.

"ஐயா, இறங்குங்கோ."

இறங்கினேன். அந்தப் பெண்ணின் புருஷன், வலையை விட்டு ஓடிவந்தவன், என்னைப் பார்த்து, "ஆர் ஓடுறது?" என்று கேட்டான்.

"என்ரை மகள்."

"இவவோ?"

"ஓம், இவதான். பயப்பிடாதை" என்றேன்.

ஜீப் மணலை உழுதுகொண்டு போய் மறைந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்பது பின்னேரம்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முதல், பஸ்ஸில் வல்லை வெளியைக் கடந்தபோது, ஜீப் எங்கேனும் கவிழ்ந்து கிடக்கிறதோ என்று தெருவின் இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தேன். உப்புத்தரையும் காற்றும்தான் இருந்தன.

"என்னத்தைத் தேடுறியள், மாஸ்ரர்?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். யாழ்ப்பாணம் வரும்வரை அவர் வாய் திறக்க நான் இடம் கொடுக்கவில்லை.