ஈரம் படாத இடம்

ஆறு வாரம் என்பது எவ்வளவு நீளம் என்று தைராய்டு குறைவாக இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். மாத்திரையின் அளவை மாற்றினால், அது ஒத்துக்கொண்டதா என்று தெரிய ஆறு வாரம் காத்திருந்து ரத்தம் கொடுக்க வேண்டும். எதையும் இன்றைக்குச் செய்து இன்றைக்கே பார்த்துவிடத் துடிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது லேசான காரியம் இல்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு, விருத்தாசலத்தில் டீ கோப்பை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினமும் முதல் பஸ். என் பொறுப்பு சூளை நோட்டு. அரை மணிக்கு ஒரு முறை சூளையின் சூட்டைப் பார்த்து எழுதி, கேஸைக் கூட்டவோ குறைக்கவோ சொல்ல வேண்டும். அந்த நோட்டை அங்கே ஒரு பெண்ணிடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. சேர்ந்த வாரமே, எண்களுக்குப் பக்கத்தில் கலர் பென்சிலால் வரைபடம் போட ஆரம்பித்துவிட்டேன். முதலாளி புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சூளைக்கு ஈ.சி.ஜி. எடுத்து வெச்சிருக்க" என்றார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

சில மாதங்களில் சோர்வு வந்தது. தூங்கி எழுந்தால் தூங்காதது போல இருந்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. ஆயிரத்து இருநூறு டிகிரியில் எரியும் சூளைக்குப் பக்கத்தில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன். ஜங்ஷன் ரோட்டில் இருக்கும் டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். டி.எஸ்.எச். பதினொன்று. நான்கரைக்குள் இருக்க வேண்டியது, ஏறினால் தைராய்டு குறைவு என்று அர்த்தம். ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் டீ கூடாது.

வீட்டில் அது நடக்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மாத்திரை மறந்துவிடும், டீ மட்டும் மறக்காது. எழுந்ததுமே அம்மா டம்ளரைக் கையில் திணித்துவிடுவார். "டீத்தண்ணி கூட குடிக்காம வூட்டை வுட்டு எறங்காதடி, பஸ்ஸுல மயக்கம் போட்டுட்டா யாரு பாக்கறது" என்பார். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டில் டீயை அடியோடு நிறுத்திவிட்டு, மாத்திரை டப்பாவைக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். ஏழரை மணிக்கு முதல் சூட்டை எழுதும்போது மாத்திரை, பக்கத்தில் ஒரு டிக். எட்டே முக்காலுக்குத்தான் அங்கே டீ வரும். என் திட்டம் எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

டப்பாவை எங்கே வைப்பது என்பதற்கும் யோசித்தேன். ஈரம் படாத, வெயில் படாத, சூடில்லாத இடத்தில் வைக்கவும் என்று லேபிளில் பொடி எழுத்தில் இருந்தது. மண் வேலை செய்பவர்கள் அதில் முதல் வார்த்தையைத் தாண்டிப் படிப்பதில்லை. எங்களுக்கு எல்லா நஷ்டமும் ஈரத்தால்தான். துளி ஈரம் தங்கிய கோப்பை சூளைக்குள் வெடித்து, பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும். கம்பெனியிலேயே ஈரம் அண்டாத இடம், சூளையின் வெளிச்சுவரில் இருந்த செங்கல் திட்டு. எல்லோரும் காலையிலேயே சாப்பாட்டுக் கேரியரை அங்கேதான் வைப்பார்கள். மத்தியானம் வரை சோறு சூடாக இருக்கும். என் கேரியருக்குப் பின்னால், வெளிச்சம் படாமல், டப்பாவை வைத்தேன்.

ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். பத்து. டாக்டரம்மா எழுபத்தைந்து ஆக்கினார். புது டப்பா வாங்கி அதே திட்டில் வைத்தேன். இன்னொரு ஆறு வாரம். ஒன்பதரை.

"ஒழுங்கா போடறியாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு நாளு கூட விட்டதில்லைங்க. நோட்டுல டிக் போட்டிருக்கேன்."

"டீ, காபி, சுண்ணாம்புச் சத்து மாத்திரை?"

"இல்லைங்க."

அவர் பேனாவை மூடித் திறந்தார். நூறு என்று எழுதினார்.

அந்த வாரம்தான் அது நடந்தது. மத்தியானம், உச்ச சூட்டில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு இறக்க வேண்டிய நேரத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது. மறுநாள் சூளையைத் திறந்தால், கோப்பைகள் காது தொங்கி, பூச்சு வழிந்து, தட்டோடு ஒட்டியிருந்தன. முதலாளி சத்தம் போடவில்லை. ஒரு கோப்பையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நோட்டை நான் பாத்துக்கறேன். நீ கொஞ்ச நாளு தரம் பிரிக்கிற டேபிளுக்குப் போம்மா. ஒடம்பு தேறட்டும்."

கொஞ்ச நாள் என்று அவர் சொன்ன விதத்திலேயே அது கொஞ்ச நாள் இல்லை என்று தெரிந்தது. வீட்டில் சொல்லவில்லை.

தரம் பிரிக்கும் டேபிள் கேட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில், வேப்பமர நிழலில் இருந்தது. நூறு மைக்ரோகிராம் டப்பாவை அந்த டேபிள் டிராயரில் போட்டுக்கொண்டேன். முதல் இரண்டு வாரம், ஆகா, உடம்பு திரும்பிவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நெஞ்சு படபடத்தது. தூக்கம் போனது. விரல்கள் நடுங்கி, ஒரே நாளில் மூன்று நல்ல கோப்பைகளை உடைத்தேன். அங்கே கூட வேலை செய்த அக்கா, "ஏன் பாப்பா, மொதத் தரமே இல்லாம பண்ணிடலாம்னு பாக்கறியா?" என்று கேட்டார். சிரிக்கக்கூடத் தெம்பில்லை. முன்பு அசதியில் சோர்ந்தேன், இப்போது ஓடாமலே ஓடிய அசதி.

இந்த முறை ஆறு வாரம் வரை காத்திருக்கவில்லை. ரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். ஏறக்குறைய இல்லை, அதாவது மாத்திரை அளவுக்கு மீறிவிட்டது. டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாகப் பரப்பினார். "எழுபத்தஞ்சுல அசையவே இல்ல. நூறுல இப்படி விழுந்திருக்கு. நடுவுல ஏதோ மாறியிருக்கு. இன்னிக்கு மாத்திரையை நிறுத்திடு. மீதி இருக்கிற டப்பா எல்லாத்தையும் எடுத்துட்டு வா."

மறுநாள் காலை மிச்ச மாத்திரையோடு அங்கேயே விட்டிருந்த பழைய டப்பாக்களை எடுக்கச் சூளைத் திட்டுக்குப் போனேன். அக்கா தன் கேரியரை வைத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் கைவிட்டு டப்பாக்களை எடுப்பதைப் பார்த்தார்.

"ஏன் பாப்பா, மாத்திரையையும் சுட வெச்சா சாப்புடுவ?"

கையில் டப்பா வெதுவெதுப்பாக இருந்தது. லேபிள் பழுப்பேறி, ஓரத்தில் சுருண்டு நின்றது. எத்தனையோ காலை அதைத் தொட்டிருக்கிறேன். ஒரு நாளும் சூடு என்று தோன்றியதில்லை, சாப்பாடு அப்படித்தானே இருக்கும். உள்ளே போய் சிறிய தெர்மாமீட்டரை எடுத்துவந்து திட்டில் வைத்தேன். ஐம்பத்து நான்கு. சூளைக்குள் சூட்டை அரை மணிக்கு ஒரு முறை எழுதியவள், நான்கு அடி தள்ளி ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

டாக்டரம்மா டப்பாவை முகர்ந்துகூடப் பார்த்தார். "சூட்டுல வீரியம் போயிருக்கும். நீ போட்டது எவ்வளவுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." ஒரு வாரம் கழித்துப் புதிதாக ஐம்பதில் ஆரம்பிக்கச் சொன்னார். அதாவது, முதல் நாள் எழுதிக் கொடுத்த அதே அளவு. ஒருவேளை அதுவே போதுமாக இருந்திருக்கலாம். வெளியே வந்து ஆட்டோ கூடப் பிடிக்காமல் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். கோபப்படவும் ஆள் இல்லை.

டப்பா இப்போது வீட்டு அலமாரியில், அம்மாவின் பொறுப்பில். அலாரம் அடித்ததும் தண்ணீரோடு மாத்திரை கைக்கு வரும். டீயைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிடுகிறார், பஸ் இறங்கியதும் குடிக்க.

ஆறு வாரம். டி.எஸ்.எச். மூன்று. ரிப்போர்ட்டை முதலாளியிடம் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் ரிப்போர்ட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுக்கு டிப்ளமோ வேற" என்றார். பிறகு, மேசை மேலிருந்த நோட்டை என் பக்கம் தள்ளினார். "ஒரு சூளை பாரு. அப்புறம் சொல்றேன்."

அன்று வரைபடம் எதுவும் போடவில்லை. ஏழரைக்கு எண்ணை எழுதினேன். எட்டுக்கு எழுதினேன். மத்தியானம் உச்ச சூட்டில் நின்றுகொண்டே இருபது நிமிடத்தை எண்ணி, இறக்கச் சொன்னேன். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. துப்பட்டாவைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு அடுத்த அரை மணிக்காக நின்றேன்.